சினைப் பசுவின் மேல் பட்ட என் கால்

இதை எழுத உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன நாட்களுக்கு அளவில்லை. காகிதம் வாங்கி வைப்பேன். மாரியம்மனைக் கும்பிட்டுப் பேனாவை எடுப்பேன். முதல் வரி முடிவதற்குள் வாய்க்கால் வேலை ஞாபகம் வந்துவிடும். வேலை அல்ல, பயம்தான். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

பெரிய யுத்தத்துக்கு முந்திய காலம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாரியம்மன் திருவிழாவை நோம்பி என்போம்; அதற்குத் தேங்காய் உதைப்பார்கள். கோயில் முன்னால் மூங்கிலில் தேங்காயைக் கட்டித் தொங்கவிட்டு, ஆளின் தலைக்கு மேல் விரல் விரலாக ஏற்றிக்கொண்டே போவார்கள். கையால் தொடக்கூடாது, காலாலேயே உடைத்துத் தள்ள வேண்டும். கடைசி வரை நின்று உதைத்தவனுக்கு மாலை போட்டு, முதல் தீர்த்தக்குடத்தை அவன் தலையில் வைப்பார்கள். அந்தக் குடம் மூன்று வருஷமாக ஊரின் மேற்கு வளவு வீடுகளுக்கே போயிற்று. கிழக்கு வளவில் எங்கள் வீடுதான் முதல் வீடு. என் தகப்பனார் காலமாகி அதுதான் முதல் நோம்பி. குடம் என் தலைக்கு வரவேண்டும் என்று வெறி பிடித்து அலைந்தேன்.

எனக்கு உதை சொல்லிக் கொடுத்தது என் மனைவியின் அண்ணன். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். மேற்கே மலையாளத்துக் களரி ஒன்றில் இரண்டு மழைக்காலம் பழகியவர். பக்கத்து ஊரிலிருந்து விடியும்போது நடந்து வந்துவிடுவார். முதலில் உழுத சேற்றில் முழங்கால் உயர்த்தி ஓடவிட்டார். பிறகு எண்ணெய் தேய்த்து, சுவரோரம் நிறுத்தி, காலைப் பிடித்து மேலே தள்ளினார். இடுப்புப் பூட்டு கழன்று விழுந்துவிடும்போல் வலிக்கும். குலை வெட்டிய வாழைகளையெல்லாம் உதைத்தே சாய்த்தோம்.

“ஏனுங் மாப்ள, இது ஒதையா, கொசு வெரட்டறீங்களா?” என்பார். “தூக்கற காலையே நெனைக்காதீங்க. நிக்கற காலு மண்ணப் புடிக்கோணும், இடுப்பு திரும்போணும். அப்பத்தான் பலம் வரும்.”

கடைசியில் உதைத்துப் பழக மூட்டை கட்டினோம். கூரையின் பனங்கைகளைத் தாங்கும் பலமான உத்தரம் எங்கள் மாட்டுச்சாளையில்தான் இருந்தது. வெறும் சாக்கு தேடியபோது உப்பு வந்த சாக்கு ஒன்று கிடைத்தது. அதில் உமியும் மணலும் அடைத்துத் தொங்கவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. பசு உப்புக்கு ஏங்கும், அதிலும் சினைப் பசு. மாடு கட்டிப் பிழைக்கிற எனக்கு அது தெரியாதா? தெரியும். குடத்தின் நினைப்பில் அது மனதில் ஏறவில்லை.

மூட்டைக்கு முதுகு காட்டி நின்று, சுழன்று, குதிகாலால் அடிக்கிற உதை ஒன்று உண்டு. சுழலும்போது எதிரில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கு மச்சான் வரவில்லை. பூமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தனியாகவே பழகினேன். நான் முதுகைத் திருப்பி நின்ற நேரத்தில் சினையாக இருந்த எங்கள் செவலைப் பசு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, மூட்டையோரம் நின்று சாக்கை நக்கியிருக்கிறது. நான் சுழன்றேன். என் குதிகால் சாக்கில் படவில்லை. பசுவின் விலாவில் இறங்கியது.

அது கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

என் மனைவி அன்று தூரம். வீட்டுக்குப் பின்னால் சாய்ப்புக் கூரைக்கடியில் ஒதுங்கி இருந்தவள், சத்தம் கேட்டு ஓடிவந்து பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அதற்குள் என் அம்மா வந்துவிட்டார்கள்.

“ஏ புள்ளே! தூரத்தோட சினை மாட்டத் தொட்டுட்டு நிக்கறியே, கண்ணு அவிஞ்சா போச்சு?”

மூன்றாம் நாள் கன்று செத்து விழுந்தது. அம்மா வாசலில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்கள். “தீட்டுப் பட்டுத்தான் கன்னு போச்சு. அப்பனில்லாத ஊட்டுல மகாலட்சுமியவே அழிச்சுப்போட்டா.” அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி நின்றார்கள். என் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பூசாரி நோம்பியன்று, உதைக்க வந்தவர்களைப் பார்த்து மூன்று தரம் கேட்பார்: “பசு பாவம், பெண் பாவம் சொமக்கறவங்க வெலகிக்குங்க.” சொன்னால் நான் விலக வேண்டும். நோம்பிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. “போதும், உடும்மா” என்று மட்டும் சொன்னேன்.

“உங்கண்ணங்கூடப் போயி இரு. நாங் கூப்படறப்ப வந்தாப் போதும்” என்று அம்மா அவளை அனுப்பிவிட்டார்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப் போய்த் திரும்பாத பெண்கள் எங்கள் பக்கத்தில் உண்டு.

அழைத்துப்போக வந்த மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்கங்க மாப்ள. மாடு கத்துனா ஓடிருவா, சின்னதுல இருந்தே அப்படித்தான். புத்தி பத்தல.” தங்கை செய்யாத குற்றத்துக்கு ஈடு கட்டுவதுபோல, அவர் ஒரு நாளும் விடாமல் வந்து என்னைப் பழக்கினார். எனக்கு உதை அப்போதுதான் நன்றாக வந்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

நோம்பியன்று பூசாரி கேட்டார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அம்மனின் முகத்தைப் பார்க்கவில்லை; தேங்காயைத்தான் பார்த்தேன். மேற்கு வளவு ஆள் இரண்டு தரம் தவறினான். நான் ஒரே சுழற்சியில் உடைத்தேன். தேங்காய்த் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. மாலை போட்டுக் குடத்தைத் தலையில் ஏற்றினார்கள். கோயிலுக்குள் கொண்டுபோய் இறக்கும் வரை கழுத்து நடுங்கிக்கொண்டே இருந்தது. பார்த்தவர்கள் அருள் என்றார்கள்.

மறுநாள் பிரசாதத்தை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். அவள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“தீட்டுக்காரிக்கு எதுக்குங்க பிரசாதம்?”

“நான் அம்மாகிட்டச் சொல்லிடறேன் புள்ளே. நடந்தத நடந்தபடி சொல்லிடறேன்.”

“இப்பச் சொல்லி என்னங்க ஆகுது? சொல்லோணும்னா அன்னைக்கு வாசல்ல சொல்லியிருக்கோணும். இன்னைக்குச் சொன்னா, பொண்டாட்டி சொல்லிக் குடுத்துப் பேசறான்னு அதையும் எந் தலைமேலதான் வெப்பாங்க.”

அப்படிச் சொல்லிவிட்டுத் துணியை உதறிக் கொடியில் போட்டாள். நான் அவள் சொன்ன அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அவளே வேண்டாம் என்றாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

ஆறு மாதம் கழித்து அம்மா படுத்த படுக்கையானபோது, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவளைக் கூப்பிட்டார்கள். வந்தாள். அம்மாவுக்கு வாயில் கஞ்சி ஊற்றியது அவள்தான். அம்மா உண்மை தெரியாமலேயே கண்ணை மூடினார்கள். எங்களுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். அவள் என்னோடு நன்றாகத்தான் வாழ்ந்தாள், சிரித்தாள், சண்டை போட்டாள். மாட்டுச்சாளைக்குள் மட்டும் ஒரு நாளும் காலை வைக்கவில்லை. சாணி அள்ளி, கழுவி, பால் கறந்தது எல்லாம் நான்தான். ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது. அந்த நோம்பிக்குப் பிறகு நான் யாரையும் எதையும் உதைத்ததில்லை.

போன தையில் அவள் போய்ச் சேர்ந்தாள். கருமாதியன்று பந்தியில் உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண்கள் பேசியது என் காதில் விழுந்தது.

“தங்கமான மனுசி. அந்தக் கன்னு விசயத்துலதான் பாவம் புத்தி கெட்டுப்போச்சு.”

“ஆமா, அதத்தான் எம் மருமகளுக்கும் சொல்லி வெச்சிருக்கேன்.”

நான் எழுந்து நின்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவர்கள் துக்கம் என்று நினைத்து என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

வாயால் முடியாததைக் கையால் செய்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் மருமகள்களிடமும் பேத்திகளிடமும் சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். அவளைத் தெய்வமாக்கி எதையும் கூட்டவும் வேண்டாம். அவள் தொட்டதால் அந்தக் கன்று சாகவில்லை. நான் உதைத்தேன், பேசாமல் இருந்தேன். இப்படியே, இந்தச் சொல்லிலேயே சொல்லுங்கள்.