பூட்டிய வீட்டில் விடக் கூடாது

ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் கடை வேலையை விட்டுக் கிளம்பி வெகுதூரம் வந்த பிறகுதான், கடைக்காரரிடம் சொல்லிக்கொள்ளவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். போவது இறக்கம்தான், ஆனால் மறுபடி ஏறி வர வேண்டுமே. மலையேற்றத்தை ஒரு டெம்போவின் பின்னால் தொற்றிக்கொண்டு கடந்துவிட்டு, பென்னாகரம் வரைக்குமான மிச்சத்தை நடந்துகொண்டிருந்தேன். சட்டையெல்லாம் எண்ணெயும் மிளகாய்த்தூளும். சாலையோரத்து நாய்கள் என்னை ஒரு பெரிய மனிதனாக மதித்துக் கொஞ்ச தூரம் கூடவே வந்தன.

பொழுது சாய்கிற நேரம். டியூஷன் வேன் ஒன்று என்னைத் தாண்டிப் போய் ஒரு வீட்டின் முன்னால் நின்றது. கதவு திறந்தது, ஒரு சிறுமி இறங்கினாள், கதவு மூடிக்கொண்டது, வேன் போய்விட்டது. வீட்டின் இரும்புக் கேட்டில் பெரிய பூட்டு. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையைக் கழற்றி வைத்துவிட்டு வெளிப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"வூட்டுல யாரும் இல்லையா பாப்பா?" என்று சாலையிலிருந்தே கேட்டேன்.

"அம்மா கம்பெனியில இருந்து வரணும். டெய்லி இப்படித்தான் அங்கிள்."

சரி என்று நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் கால் நகரவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு சிறு பாலம் இருந்தது. அதில் உட்கார்ந்து, காலில் முள் குத்தியவன் போலச் செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது புளிமூட்டை ஏற்றிய மினி லாரி ஒன்று கடந்து போனது. புளி வாசனை வந்தால் உங்களுக்கெல்லாம் நாக்கில் நீர் ஊறும். எனக்கு உள்ளங்கையில் கயிறு உரசுகிற மாதிரி இருக்கும். அது ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு மீசை அரும்பியிருந்த சமயம். லாரி கிளீனராகப் பென்னாகரத்துக்குப் புளி ஏற்ற வந்தவன், டிரைவரோடு சண்டை போட்டு இறங்கிவிட்டேன். சண்டை எதற்கென்று நினைவில்லை, இறங்கியதுதான் நினைவிருக்கிறது. என் வேலைகள் பெரும்பாலும் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. இறங்கிய இடம் ஒரு பாயின் புளிக் கிடங்கு. முன்பாதியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். பின்பாதியில் ஒரு கரும்பலகையும், சாக்கு விரித்து உட்கார்ந்த குழந்தைகளும்.

கிடங்குக்குள் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்றால், பள்ளி விட்டதும் குழந்தைகள் நேராக அம்மாக்களிடம் வந்து புளியைத் தின்றுகொண்டிருந்தார்களாம். பாய் பார்த்தார். "எதையாவது படிக்கட்டும்மா. வாய் சும்மா இருந்தா எனக்குப் போதும்" என்று பின்பாதியைக் காலி செய்து கொடுத்துவிட்டார். அவருடைய தங்கை நூர்ஜகான் அக்கா பொறுப்பெடுத்துக்கொண்டார். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் முறை வைத்து மாலையில் வந்தார்கள். அம்மாக்கள் கொண்டுவந்த தட்டைப்பயறும் கொள்ளும் சுண்டலாயின. படிப்பு, விளையாட்டு, சுண்டல் என்பது பலகையில் எழுதியிருந்த வரிசை, நடந்தது தலைகீழ். ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பது, குழந்தைக்கு ஊசி போடுவது என்று பெரியவர்கள் காரியமும் அங்கேயேதான். புளி தட்ட வராத வீட்டுக் குழந்தைகளும் வர ஆரம்பித்தார்கள்.

மூட்டையில் சாய்ந்து நான் அதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது நூர்ஜகான் அக்கா வந்தார்.

"தம்பி, உனக்கு வூடு எங்க?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்கக்கா."

"அப்ப சீக்கிரம் போவணும்னு அவசரமும் இல்ல. புள்ளைங்கள வூட்டுல விடறதுக்கு உன்னை மாதிரி ஆளத்தான் தேடினு இருந்தேன்."

அம்மாக்கள் தண்ணீர் பிடிக்கவும் மாட்டைக் கட்டவும் முன்னாலேயே போய்விடுவார்கள். குழந்தைகள் வீடு திரும்ப வேண்டிய சாலையிலோ ஒகேனக்கல் பார்த்துவிட்டு வருகிற கார்கள் கண்மண் தெரியாமல் பறக்கும். அதனால் மூட்டை கட்டும் கயிறு ஒன்றில் முடிச்சுகள் போட்டு, முடிச்சுக்கு ஒரு குழந்தை. முதல் வீட்டுக் குழந்தைக்குக் கடைசி முடிச்சு, கடைசி வீட்டுக் குழந்தைக்கு எனக்குப் பின்னால் முதல் முடிச்சு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கை குறையும். காலியான கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்வேன். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பூட்டிய வீட்டில் விடக் கூடாது. கதவு திறந்திருந்தால்தான் முடிச்சை விடலாம், இல்லாவிட்டால் குழந்தை திரும்பக் கிடங்குக்கு. முன்பு பூட்டிய வீட்டில் விட்ட ஒரு குழந்தை அம்மாவைத் தேடி ஏரிப்பக்கம் போய், ஊரே அலைந்து கண்டுபிடித்ததாம். அதற்கப்புறம் அப்பா அம்மாக்களைக் கூட்டி, எல்லோரும் தலையாட்டி முடிவு செய்த சட்டம் அது.

முதல் முடிச்சு செல்வியுடையது. எட்டாம் வகுப்பு. அவள் அப்பா மாதையன் குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புவதாக இருந்தார். அவரும் மனைவி சின்னபாப்பாவும் வேலைக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்த ஆள் செல்வி. நடந்துகொண்டே ஒரு நாள் சொன்னாள்.

"பாப்பா கொஞ்சம் பெருசான பொறவு ஸ்கூலுக்குப் போலாம்னு அப்பா சொல்றாருண்ணா."

அந்தப் 'பொறவு' எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில், தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் நானும் அப்பா அம்மாவோடு குடகு எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறினேன். தம்பி வளர்ந்து லாரி ஓட்டுகிறான். என் எட்டாம் வகுப்பு அங்கேயே நிற்கிறது. அதைச் செல்வியிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஒரு மாலை கயிறு பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது மாதையன் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் குழந்தையோடு சின்னபாப்பா.

"செல்வி, கயிற உட்டுட்டு வா. பஸ்ஸு வர்ற நேரம்."

செல்வி முடிச்சை விடாமல் என்னைப் பார்த்தாள்.

"வூட்டுலதாங்க விடணும்" என்றேன்.

"நான் யாருன்னு தெரியுதில்ல?"

"தெரியுதுங்க. செல்வி அப்பா."

"அப்பறம் என்னா? வூட்டையே மூட்ட கட்டி எடுத்தாந்துட்டேன். இதாம்பா வூடு" என்று மூட்டையைத் தட்டிக் காட்டினார்.

கடைசி முடிச்சிலிருந்த ஒன்றாம் வகுப்பு பஷீர் மூட்டையைச் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "கதவு எங்க மாமா?"

அவ்வளவுதான், மொத்தக் கயிறும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சட்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. எனக்கு நூர்ஜகான் அக்காவிடம் பயம், அவ்வளவுதான். மாதையன் நியாயமான மனிதர். அன்றைக்குத் தலையாட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"சரி, நானே வந்து தொறந்து உடறேன். சின்னபாப்பா, பஸ்ஸு வந்தா நிறுத்தி வையி."

"அது என்னா எங்க மாமன் ஓட்டற பஸ்ஸா, நான் சொன்னா நிக்க?" என்றார் சின்னபாப்பா.

மாதையன் எங்களோடு நடந்தார். பஷீருக்கு அது பொறுக்கவில்லை. "ரோட்டுல சும்மா வரக் கூடாது மாமா. நீங்களும் புடிங்க" என்று பின்னால் தொங்கிய கயிற்றை நீட்டினான். மாதையன் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு வாசலிலும் பேச்சு.

"என்னாங்க மாமா, நீங்களும் டூசன் சேந்துட்டீங்களா?"

விஷயத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னார். அடுத்த வாசலிலும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கன்னடம் பேசும் கௌரம்மா வாசலில், வழக்கம்போல முதலில் என்னைப் பார்த்து "ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்பது. சாப்பிட்டிருந்தாலும் இல்லை என்பேன், களி கிடைக்கும். பிறகு மாதையனிடம் திரும்பினார்.

"நானும் பெங்களூருல கல்லு சுமந்தவதான். புள்ளைய மணல் மேட்டுல படுக்க வச்சிட்டு மாடியில நின்னா, கண்ணு கீழயேதான் இருக்கும். எதுக்கு அது? கெடங்குல ஒரு தூளி கட்டினா ஆச்சு. சின்னபாப்பா எங்களோட புளி தட்டட்டும், மாத்தி மாத்தி ஆட்டிக்கறோம். நீ மட்டும் போய்ட்டு வா."

மாதையன் பதில் சொல்வதற்குள் பெரிய சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. கேட்டுக்கொண்டே தூரமாயிற்று. அவர் கையில் இன்னும் கயிறு.

வீட்டை அவர்தான் திறந்தார். செல்வி முடிச்சை விட்டாள். பின்னாலேயே தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாகச் சின்னபாப்பா வந்து சேர்ந்தார்.

"நிறுத்தச் சொன்னேன். நிக்கல" என்றார்.

கையே காட்டவில்லை என்பதைப் பிறகு கிடங்கில் அவரே சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் விடிகாலை பஸ்ஸில் மாதையன் தனியாகப் போனார். அன்றைக்கே கிடங்கு உத்தரத்தில் தூளி தொங்கியது. பாய் எட்டிப் பார்த்தார். "இது புளி திங்காது. இருக்கட்டும்." கொஞ்ச நாளில் வேறு தூளிகளும் வந்துவிட்டன. செல்வி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போனதைப் பார்த்தேன். ரிசல்ட் வருவதற்குள் நான் ஓசூரில் இருந்தேன். பிறகு என்ன ஆனாள் என்று கேட்டால், தெரியாது.

கிடங்கு இப்போது டைல்ஸ் கடை. புளி தட்டிய பெண்களின் மகள்கள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள், நல்ல சம்பளம். குழந்தைகள் வேனில் போகிறார்கள், நல்ல இங்கிலீஷ். குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தக் கயிறு மட்டும் எங்கே போனது என்று தெரியவில்லை.

இருட்டுகிற நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார் சிறுமியின் அம்மா. பூட்டைத் திறப்பதற்கு முன் என்னைத்தான் பார்த்தார்.

"யாருய்யா நீ? எங்க வூட்டையே பாத்துனு ஒக்காந்திருக்கற?"

"அந்த அங்கிள் முள்ளு எடுக்கறாரும்மா. ரொம்ப நேரமா எடுக்கறாரு."

"வந்துருச்சுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்ட பிறகு நடந்தேன்.

மறுநாள் காலை பென்னாகரம் டீக்கடையில் அந்த வேன் நின்றிருந்தது. கதவைத் திறந்து மூடவும் குழந்தைகளை இறக்கி விடவும் ஓர் ஆள் வேண்டும் என்று டிரைவர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறேன் என்றேன்.

"சாயந்தரம் வூடு பூட்டியிருந்தா என்னாங்க பண்றது?"

"எறக்கி உட்டுட்டுப் போயினே இருக்கணும். டயமாவுதில்ல."

"எனக்கு அப்படிப் பழக்கமில்லீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முன்ன எந்த ஸ்கூல் வேன்ல இருந்த?"

"புளிக் கெடங்குல இருந்தேங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பார்க்கலாம் என்கிற மாதிரி தலையை அசைத்து, டீ கிளாஸை வைத்துவிட்டு வேனைக் காட்டினார். "கதவு கொஞ்சம் மக்கர் பண்ணும். ஓங்கி இழுக்கணும்."

இழுத்துத் திறந்தேன்.