மலர்க்கொடி சொன்ன தீவுக்காரன் கதை

காசிமேட்டு இறால் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதில் மலர்க்கொடி சாப்பிடுவது பத்து நிமிஷம், மீதி இருபதும் கதை. அவளுக்கு வாய் ஜாஸ்தி என்று பேசுகிறவர்கள் உண்டு. பேசுகிற அதே ஆட்கள்தான் மணி அடித்ததும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் இடம் பிடிக்க ஓடுவார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கம்பெனிக்குள் செல்போன் கூடாது. வாசலில் வாட்ச்மேனிடம் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர முடியும். வீட்டுக்குப் போனால் போன் பிள்ளைகள் கையில் இருக்கும், பிடுங்க முடியாது. அதனால் ஒரு ஏற்பாடு தானாகவே அமைந்துவிட்டது. வியாசர்பாடியிலிருந்து வருகிற மலர்க்கொடி காலையில் பஸ்ஸில் ஒரு எபிசோடு பார்த்துவிட்டு வருவாள். மதியம் அதைப் பதினாலு பெண்களுக்குச் சொல்வாள். நாடகத்தைப் பார்ப்பதைவிட இவள் சொல்லிக் கேட்பதுதான் நன்றாக இருக்கிறது என்று பார்த்தவர்களே சொன்னார்கள்.

இந்த முறை தாய்லாந்து நாடகம், அவளைத் தவிர அங்கே வேறு யாரும் பார்க்காதது. தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். வாயசைவு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போகும். பெயர் யார் வாயிலும் நுழையாததால் பெண்கள் அதற்குத் ‘தீவுக்காரன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கதாநாயகனுக்குச் சொந்தமாக ஒரு தீவு, அதில் முத்துப் பண்ணை. கதாநாயகி கணக்கெழுத வந்த ஏழைப் பெண்.

மலர்க்கொடிக்கு அந்த நாடகம் அவ்வளவு பிடித்துப்போனது. பதினாறே எபிசோடில் முடிந்துவிடும். நம் ஊர் சீரியல் மாதிரி குழந்தை பிறந்து, வளர்ந்து, அதற்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் இழுக்க மாட்டார்கள். மாமியாராக வருகிறவள் விஷம் வைக்கவில்லை. கருவாடு விற்கிறாள், அதுவும் கூடையைத் தூக்குகிற விதத்திலேயே உண்மையாக விற்கிறவள் என்று தெரிகிறது. அழுகிற காட்சியில் மேளம் தட்டாமல் சும்மா விடுகிறார்கள். மழை பெய்தால் நமக்கே நனைகிறது. ஆனால் வில்லி வாயைத் திறந்தால் காது கிழியும். ஆளுக்கு ஆள் அறைந்துகொள்கிறார்கள். நன்றாகப் படித்த கதாநாயகிக்கு ஆறாவது எபிசோடுக்கு மேல் மூளை எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் மலர்க்கொடி ஒளிக்காமல் சொல்வாள், திட்டிக்கொண்டே சொல்வாள். அவள் திட்டுவதைக் கேட்கவே பாதிப் பேர் வருவார்கள்.

ஒன்றை மட்டும் மாற்றிச் சொன்னாள். எட்டாவது எபிசோடில் கதாநாயகி ஊருக்குப் போகிறேன் என்கிறாள். தீவுக்காரன் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஓர் அறையில் போட்டு வெளியே பூட்டிவிடுகிறான். மூன்று நாள். அவள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோகிறாள். நான்காம் நாள் அவன் கஞ்சி கொண்டுவந்து ஊட்டுகிறான், அவளுக்குக் காதல் வந்துவிடுகிறது, பின்னணியில் புல்லாங்குழல் வேறு. மலர்க்கொடி அன்றைக்குச் சோற்றுக் கையோடு சொன்னது வேறு. புயல் அடித்தது, படகு வரவில்லை, மூன்று நாள் அவள் தீவிலேயே தங்கும்படி ஆகிவிட்டது. சொன்ன மாத்திரத்தில் பெண்களுக்கும் பிடித்துவிட்டது. ‘கோவக்காரன், ஆனா உள்ள தங்கம்’ என்று தீவுக்காரனுக்குப் பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கல்மண்டபம் வரை அவளும் சிவந்தியும் சேர்ந்து நடந்தார்கள். சிவந்திக்கு இருபத்தாறு வயது. கன்டெய்னர் லாரி ஓட்டுகிற பென்னியைக் கட்டியவள். மூன்று மாதமாகக் காலடிப்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறாள். என்ன சண்டை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. பென்னியின் பெரியம்மா சிலுவையம்மாளும் இதே கம்பெனிதான், மலர்க்கொடியோடு பன்னிரண்டு வருஷமாக ஒரே மேஜையில் நின்று இறால் உரிக்கிறவள்.

“அக்கா, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி அவங்க வூட்ல வராங்க. என்னை இட்டுனு போறதுக்கு” என்றாள் சிவந்தி.

“நீ சரின்னுட்டியா?”

“பெரியம்மா தெனிக்கும் உன் கதையத்தான் சொல்லிக்கினே கீது. தீவுக்காரனே மாறலையா, என் புள்ள மாற மாட்டானான்னு. எனக்கும் அதான்கா தோணுச்சி. கோவக்காரங்களுக்கு உள்ள பாசம் இருக்கும்ல?”

“இன்னாதான் பண்ணான் அவன்?”

சிவந்தி சாதாரணமாகச் சொன்னாள். “சொல்லாம எங்கம்மா வூட்டுக்குப் போனேன்னு, போன புடுங்கிக்கினு வெளிய பூட்டு போட்டுட்டு லோடு ஏத்தப் போய்ட்டான்கா. ரெண்டு நாளு. பக்கத்து வூட்டுக்காரங்கதான் ஜன்னல் வழியா தண்ணி குடுத்தாங்க. வந்தப்புறம் பிரியாணி வாங்கினு வந்தான். அழுதான்கூட.”

என்ன சொன்னாள், எப்படி விடைபெற்றாள் எதுவும் மலர்க்கொடிக்கு நினைவில்லை. ஷேர் ஆட்டோ ஏறிய சிவந்தி கையாட்டியது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் கடைசி எபிசோடு. தீவுக்காரன் மலை முழுக்கப் பூச்செடி நட்டு வைத்திருக்கிறான். மண்டியிட்டு மோதிரம் நீட்டுகிறான். கதாநாயகி அழுகிறாள், கருவாட்டுக்காரி அழுகிறாள், வில்லிகூடத் திருந்தி அழுகிறாள். மலர்க்கொடி பின்னால் தள்ளித் தள்ளி இரண்டு தடவை பார்த்தாள். எங்கேயாவது ‘உன்னைப் பூட்டி வைத்தது தப்பு’ என்று ஒரு வார்த்தை சொல்கிறானா என்று தேடினாள். மலையையே பூவாக்கினவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. ‘அடப்பாவி’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மதியம் மணி அடித்தது. கடைசி நாள் என்பதால் வழக்கமாக வராதவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சிலுவையம்மாள் சுறாப்புட்டு கொண்டுவந்து எல்லோருக்கும் வைத்தாள். நாளைக்கு மருமகள் வீடு திரும்புகிற சந்தோஷம் அவளுக்கு.

“இன்னாடி, கல்யாணம் ஆச்சா?” என்றாள்.

மலர்க்கொடி டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. “அத அப்புறம் சொல்றேன். மின்னாடி ஒண்ணு சொல்லணும். அந்தத் தீவுல புயலே அடிக்கல.”

யாருக்கும் புரியவில்லை. எட்டாவது எபிசோடை முதலிலிருந்து சொன்னாள். கையைப் பிடித்து இழுத்தது, பூட்டு, தட்டித் தட்டித் தோல் உரிந்த கை, கஞ்சி, புல்லாங்குழல், ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது சிலுவையம்மாளின் முகம் கறுத்துப் போயிருந்தது.

“இது இன்னா புதுக்கத? இந்தச் சிவந்தி உன்கிட்ட ஏதோ சொல்லிக்கீறா, அதுக்கு ஏத்தாமேரி மாத்துறே. நாளைக்குச் சேரப்போற குடும்பத்தக் கலைக்கப் பாக்கறியா? நல்லாருப்பியா நீ?”

மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் புயல் என்றாயே, அலை வீட்டுக்கூரை உயரம் வந்தது என்றாயே, இன்றைக்கு மட்டும் எப்படிப் பூட்டு வந்தது? நியாயமான கேள்விதான். போனைக் காட்டலாம் என்றால் அது வாசல் டப்பாவில் கிடக்கிறது, உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள். பன்னிரண்டு வருஷம் தன் வாயை நம்பிய பெண்கள் இப்போது நம்பாமல் பார்த்தார்கள்.

சிவந்தி மட்டும் சத்தம் போடவில்லை. “அக்கா, அப்ப ஏன் புயல்னு சொன்னே?”

பொய்யாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். கதை சொல்கிறவளுக்கு ஒரு காரணம் கட்டுவது பெரிய காரியமா? மலர்க்கொடி தலையிலிருந்த வலைத்தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு லவ் மேரேஜுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொல்லிக்கீறேன். டோல்கேட் பஸ் ஸ்டாப்புல காத்துக்கினு நிப்பாரு, பாத்தோம், புடிச்சிச்சி, கட்டிக்கினோம்னு. காத்துக்கினு நின்னது நெசம். ஒருநா நான் பஸ் ஏறப்போனேன், கையப் புடிச்சிக்கினாரு. விடல. நான் உதறுறேன், கத்துறேன், ஊரே வேடிக்க பாக்குது. வளையல் ஒடைஞ்சி ரத்தம் வந்திச்சி. எங்கண்ணனுங்க இன்னா சொன்னானுங்க தெரியுமா? நடுரோட்ல ஒருத்தன் கையப் புடிச்சிட்டான், இனிமே எவன் கட்டுவான்னு அந்தாளுக்கே கட்டி வச்சிட்டானுங்க. எனக்குப் பத்தொம்போது வயசு. நர்ஸுக்குப் படிக்க சீட்டு கெடைச்சிருந்திச்சி.”

மலர்க்கொடி வலைத்தொப்பியை மடித்துக்கொண்டே தொடர்ந்தாள்.

“கெட்ட மனுஷன் இல்ல. அடிச்சதில்ல, காலைல டீ போட்டுக் குடுப்பாரு. ஆனா இருவத்தஞ்சி வருசத்துல ஒருநாளு கூட, அன்னிக்கி நான் பண்ணது தப்பு மலருன்னு சொன்னதில்ல. அந்தத் தீவுக்காரன் கையப் புடிச்சி இழுத்தான் பாரு, எனக்குப் பாக்க முடியல. அதான் புயல வுட்டேன். எனக்காக வுட்டேன். அத நம்பி நீ போவேன்னு எனக்குத் தெரியாதுடி.”

அழுதுவிட்டாள். சிலுவையம்மாள் சுறாப்புட்டுப் பாத்திரத்தை மூடி வைத்தாள். இதை யாரும் பொய்யாகக் கட்டிச் சொல்ல முடியாது என்பது அவளுக்கும் தெரியும், அவளும் ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்டவள்தானே.

“கடைசில அந்தப் பொண்ணு இன்னாக்கா பண்ணா?” என்றாள் சிவந்தி.

“அவனையேதான் கட்டிக்கினா.”

“அவ கட்டிக்கட்டும்” என்றாள் சிவந்தி. எழுந்து கையைக் கழுவினாள். வாசலுக்குப் போய் வாட்ச்மேனிடம் தன் போனைக் கேட்டு வாங்கினாள். பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வாசலிலேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டு, நாளைக்குப் பென்னி வீட்டிலிருந்து யாரும் வர வேண்டாம், தான் போகப் போவதில்லை என்று உரக்கச் சொன்னாள்.