தண்ணீர் தொடாத கை

குறைமாதக் குழந்தைகளின் வோர்ட்டில் நான் நேர்ஸாக இருக்கிறேன். போன வருடம் என் இரண்டு கைகளும் வெடித்து, விரல் மூட்டுகளில் இரத்தம் கசிந்தது. எங்கள் பக்கத்து உவர்த் தண்ணீரைத்தான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன். பொறுப்பு சிஸ்டர் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"வெடிப்புக்குள்ள கிருமி இருக்கும். கையுறை இல்லாமல் குழந்தையளைத் தொடாதேங்கோ. கெதியில ஆறாட்டி உங்களை வெளிநோயாளர் பக்கம் மாத்தத்தான் வேணும்."

அந்த வோர்ட்டை விட்டுப் போவதா! எனக்குச் சோறே இறங்கவில்லை.

தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பான நேர்ஸ் எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவள். ஒரு காலை முழுக்க என் பின்னால் நின்று நான் கை கழுவுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் மூக்கு நுனியில் இருந்தது.

"ஏனக்கா, ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிப்போட்டு, அந்த ஈரத்திலயே சனிடைசரும் பூசுறியள்?"

"தண்ணி படாமல் கை எப்பிடிச் சுத்தமாகும்?" என்று பாய்ந்தேன்.

செத்தவீட்டுக்குப் போய்வந்தால், கிணற்றடியில் தலைக்கு வார்க்காமல் வாசற்படி ஏற விடாத வீடு எங்களுடையது. அவள் வீடும் அப்படித்தான். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீங்கள் செத்தவீட்டால வரேல்லையக்கா, பக்கத்துக் கட்டிலால வாறியள். ஈரக் கையில பூசினால் மருந்தும் நீர்த்துப்போகும், தோலும் வெடிக்கும். அழுக்குத் தெரிஞ்சால், வயித்தாலை போற பிள்ளையைத் தொட்டால் சவர்க்காரம். மற்ற நேரம் சனிடைசர் மட்டும் போதும். காயுமட்டும் தேயுங்கோ."

படித்த படிப்பில் எல்லாம் இருந்ததுதான். ஆனாலும் முதல் சில நாட்கள் தண்ணீர்க் குழாயைத் தாண்டிப் போகவே மனம் ஒப்பவில்லை. ஏதோ குளிக்காமல் கோயிலுக்குள் போகிறவள் மாதிரி நடந்தேன். வெடிப்புகள் மூடிக்கொண்டு வந்தபோதுதான் வாயை மூடினேன். சவர்க்காரம் தோலிலிருந்து குடித்த ஈரப்பசையை, சனிடைசரில் கலந்திருந்த கிளிசரின் கொஞ்சம் திருப்பித் தந்திருக்க வேண்டும்.

சிஸ்டர் மறுபடி என் கைகளைப் பார்த்தார். வோர்ட்டிலேயே ஆகச் சின்னக் குழந்தையைக் காட்டினார்.

"இனிக் கையுறை வேண்டாம். இந்த ஆளை நீங்களே பாருங்கோ."

அந்த ஆள் வீரிட்டு அழுதுகொண்டிருந்தார். நெடுங்கேணியிலிருந்து வந்திருந்த தாய் தவித்தாள். "மிஸ்ஸி, பிள்ளை அழுது. தூக்குங்கோவன்."

"கை காயட்டும் தங்கச்சி."

விரல் இடுக்குகளையும் பெருவிரலையும் தேய்த்தபடி நின்றேன். எங்குமே எரியவில்லை. காய்ந்ததும் குழந்தையின் நெஞ்சில் வெறுங்கையை வைத்தேன். அந்தக் குட்டி இதயம் என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. சந்தோஷத்தில் எனக்கும் அழுகை வந்துவிட்டது.