சின்ன மாமாவின் தவக்காலம்

எங்கள் கோவிலில் பெரிய வெள்ளிக்குப் பாஸ் காட்டுவார்கள். ஆண்டவரின் பாடுகளை ஊரவரே நடிக்கும் நாடகம். ஆண்டவராக நடிப்பவர் மணமாகாதவராயிருந்தால் நல்லது, தவக்காலத்தில் சாராயக் கடைப் பக்கம் தலை காட்டக் கூடாது. இரண்டாவது நிபந்தனையிலேயே ஊரில் பாதி ஆண்கள் தள்ளுபடியாகிவிடுவார்கள். அதனால் பல வருடங்களாக ஒரு பேக்கரிக்காரரே ஆண்டவர். அவர் சுடும் பாணைப் போலவே அவரும் பொங்கியிருந்தார். சிலுவையிலிருந்து இறக்க இருக்கிற சீடர் போதவில்லை.

அந்த வருடம் நாடகம் பழக்கும் அண்ணாவியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தம்பியை, என் சின்ன மாமாவை, மேலும் கீழும் பார்த்தார்.

"விலா எலும்பெல்லாம் எண்ணலாம் போல கிடக்கு. இந்த முறை தம்பிதான் ஆண்டவர்."

சிறு வயதில் வந்த காய்ச்சல் மாமாவின் இருதயத்தைப் பழுதாக்கியிருந்தது. வள்ளம் தள்ளிய தோளும் தொடையும் வற்றின. கடலுக்குப் போவது நின்றது. ஒரு வேலைக்கும் ஒருவரும் கூப்பிடாத மனிதரை ஊர் இப்போது கூப்பிட்டது.

அம்மா மறித்தாள். "டொக்டர் முட்டை, மீன், பாலெண்டு குடுக்கச் சொன்னவர். இவன் ரெண்டு வாயோட எழும்பிறான். சிலுவை தூக்கிற உடம்பே இது?"

"தவக்காலமக்கா. ஒறுத்தல்," என்றார் மாமா.

நோயாளிக்கு வாயைக் கட்டும் ஒறுத்தல் கடமையில்லை. அது திருச்சபை விதி. அம்மா பங்குச் சுவாமியிடம் போய் முறைப்படி விலக்கும் வாங்கி வந்தாள். மாமா அதையும் ஏற்கவில்லை. மூச்சு வாங்குகிறவருக்குச் சோறு மெல்லுவதே பெரும்பாடு. தளர்ந்த இருதயம் முதலில் பசியைக் கொல்லும், பிறகு சதையைத் தின்னும். இதெல்லாம் நான் பின்னாளில் படித்தது. அன்று எனக்குத் தெரிந்தது, சுவாமியே சாப்பிடச் சொல்லியும் சாப்பிடாத ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்பது மட்டுமே.

பெரிய வெள்ளியன்று நான் முன்வரிசையில் இருந்தேன். ஆண்டவர் சிலுவையோடு மூன்று தரம் விழ வேண்டும். மூன்றும் எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. அது வேறு விஷயம். மாமா மூன்றும் முறைப்படி விழுந்தார். எழும்பிச் சில அடி வைத்து, நாலாவது தரமும் விழுந்தார். மூச்சிரைப்பு கோவில் வளவு முழுக்கக் கேட்டது. சவுக்கோடு நின்ற ரோமச் சேவகன், எங்கள் ஊர் மீன் வியாபாரி, குனிந்தார்.

"ஏலாட்டி விடு மச்சான்."

மாமா தலையை அசைத்தார். முழங்காலை ஊன்றி எழும்பினார். கல்வாரி வரை போய் முடித்தார். பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். அம்மா மட்டும் அழாமல் கண் வெட்டாமல் நின்றாள். அண்ணாவியாருக்குத் தலைகால் தெரியவில்லை.

"நாலாவது விழுகை ஆரடா சொல்லித் தந்தது? அடுத்த வருசமும் வைப்பம்."

மாமா சிரித்தார். பிறகு எத்தனையோ பாஸ் பார்த்துவிட்டேன். அப்படியோர் ஆண்டவரைக் காணவில்லை.

உயிர்த்த ஞாயிறன்று அம்மா கோழி அடித்துக் கறி வைத்தாள். மாமா இரண்டு வாயோடு சோற்றுக் கோப்பையைத் தள்ளினார்.

"தவக்காலம் முடிஞ்சுது மாமா, இனிச் சாப்பிடலாம்," என்றேன்.

"இன்னும் கொஞ்ச நாள் பிடிச்சால் என்ன, மோள்?"

அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பில் அறிவித்தேன்: மன்னார்த் தீவு முழுக்கத் தேடினாலும், ஈஸ்டருக்குப் பிறகும் ஒறுத்தல் பிடிக்கிற ஒரே மனிதர் என் மாமாதான். ஒருத்தியும் மறுக்கவில்லை.