செல்வா அண்ணன் புதைத்த ஜட்டி

செல்வா அண்ணே, நீ புதைத்த ஜட்டியைத் தோண்டும்போது உனக்குப் பதிலாக நான் மலேசியாவின் ஜெஞ்சாரோமில், உன் தோட்டத்தில் நிற்கிறேன். உன் தோட்டத்து மண்ணுக்கு உயிர் இருக்கிறதா என்று உணவுக் கம்பெனி ஆராய்கிறது. புதைத்த பருத்தி ஜட்டியை மண் தின்றிருந்தால்தான் உன் மிளகாயை வாங்குவார்கள்.

கம்பெனி அக்கா கிளறுகிறார். நீல இலாஸ்டிக் மட்டும் வருகிறது.

"நல்லா தின்னிருக்கு லா! ஆனா தம்பி, நாங்க குடுத்த புது ஜட்டியில வெள்ளை இலாஸ்டிக் ஆச்சே?"

"அண்ணன் தன்னோட பழசைப் புதைச்சிட்டாரு அக்கா. புதுசை எனக்குக் குடுத்துட்டாரு."

"எங்க அது?"

"போட்டிருக்கேன் அக்கா."

அக்கா சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

"அண்ணனைக் கூப்பிடு, திட்டணும்."

"போன மாசம் தவறிட்டாரு அக்கா."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு புது ஜட்டியை நீட்டுகிறார். "பழசு செல்லாது தம்பி. மறுபடி புதைக்கணும்."

இந்த முறை புதியதையே புதைக்கிறேன். எங்கள் செல்வா அண்ணனுக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.