கடலைச் சுருளில் மூன்று இலக்கம்

கொழும்பு வெள்ளவத்தையில் இருபது வருடம் மருந்துக்கடை கவுண்டரில் நின்ற புனிதவதிக்கு, ஒருவருக்கு டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை இன்னொருவர் எட்டிப் பார்த்தாலே பொல்லாத கோபம் வரும். அப்படிப்பட்டவளிடம், சென்னைக்கு டிக்கெட் போடும் ஏஜென்சிக்காரர், அடையாள அட்டையைக் கேட்பதுபோல் கிரெடிட் கார்டையும் இரண்டு பக்கமும் போட்டோக்கொப்பி எடுக்கக் கேட்டார்.

"பின்பக்கம் தரமாட்டன். அந்த மூண்டு இலக்கத்தோட நம்பரும் தெரிஞ்சா, கார்ட் கையில இல்லாமலே ஆரும் இன்டர்நெட்டில சாமான் வாங்கலாம்!"

"எல்லாரும் தாறவை அக்கா. எங்கட ஃபைலில கவனமா இருக்கும்."

புனிதவதி கார்டை வெடுக்கென்று பறித்துக்கொண்டு வெளியேறினாள். ஆத்திரம் அடங்கட்டும் என்று வாசலில் கடலை வாங்கினாள். பாதி தின்ற பிறகுதான் சுருளைக் கவனித்தாள். யாரோ ஒரு ஞானசேகரத்தின் கார்ட் போட்டோக்கொப்பி, இரண்டு பக்கமும், அந்த மூன்று இலக்கமும் பளிச்சென்று.

"இந்தத் தாள் எங்கால?"

கடலைக்காரர் ஏஜென்சியைக் கை காட்டினார். "கிழமைக்கு ஒரு கட்டுத் தாறவை."

விறுவிறுவென்று உள்ளே போனவள், எண்ணெய் ஊறிய தாளை ஏஜென்சிக்காரரின் மேசையில் அடித்து வைத்தாள்.

"இந்தாங்கோ, உங்கட ஃபைல். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ரோட்டில விக்கிறாங்கள்."