யூஸிக்கு ஒரு குளிர்ச் சான்றிதழ்

லெம்பி கங்காஸ் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். வடக்கு மினசோட்டாவில் ஒரு இரும்புச் சுரங்க ஊர். பனிப்புயலுக்காகப் பள்ளி விடுமுறை விட்ட நாட்களைக்கூடத் தன் தோல்வியாகவே எண்ணினாள். யாராவது குளிர்கிறது என்றால், காதில் விழாதவள்போல் பேருந்துக் கண்ணாடியைத் துடைப்பாள்.

அவள் வீட்டு நாய் குளிர் தாங்காது என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது.

யூஸிக்கு ஐந்து வயது. பழுப்பு நிறம், குட்டை ரோமம். கணவன் ஆர்வோ இறந்த மாதம் குட்டியாக வந்தது. கொல்லையில் விறகு அடுப்பு வைத்த சவுனா என்கிற நீராவிக் குளியல் அறை இருந்தது. சனிக்கிழமை மாலை ஆவி பறக்க, லெம்பி மேல் பலகையில் உட்காருவாள். யூஸி கீழ்ப் பலகையில் நீட்டிப் படுக்கும். மற்ற நாட்களில் அதற்கு மின்சாரக் கம்பளி.

மகள் மார்னி ராட்டர்டாமில் தூர்வாரும் கப்பல்களுக்குப் பொறியாளர். ஐந்து வருடமாக அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் லெம்பி, "யூஸி வந்தா நானும் வரேன்" என்றாள். மார்னி மறுநாளே இருபத்தேழு வரியில் ஒரு அட்டவணை அனுப்பினாள். வீடு விலைபோனது. பிப்ரவரி பன்னிரண்டுக்கு விமானம். நாயின் தோலுக்கடியில் அடையாளச் சில்லு, வெறிநாய்த் தடுப்பூசி, நின்றால் காது இடிக்காத உயரத்தில் கூண்டு, எல்லாம் முடிந்தது. சிக்கி நின்றது பத்தொன்பதாவது வரியில்: வெளியே உறைநிலைக் குளிர் என்றால், "இந்த நாய் குளிருக்குப் பழகியது" என்று கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் ஏற்ற மாட்டார்கள்.

லெம்பி சிரித்துக்கொண்டே டாக்டர் கார்ல் ஹெய்க்கிலாவிடம் போனாள்.

"ஒரு வரி எழுதிக் குடு கார்ல். வெளிய எஞ்சின் ஓடிட்டிருக்கு."

கார்ல் பேனாவை மூடினார். "போன சனிக்கிழமை உங்க சவுனாவுல எனக்கு ஏன் உக்கார இடம் இல்ல?"

"நீ லேட்டா வந்தே."

"கீழ்ப் பலகை முழுக்க இவன் மல்லாந்து கிடந்தான்."

"மினசோட்டா நாய்டா இது."

"பொறந்தது மினசோட்டா. வளந்தது அடுப்போரம். ஓடுபாதைப் பக்கத்துல கூண்டுக்குள்ள அரை மணி நேரம் காத்துக் கிடக்கணும், லெம்பி. நடுங்கப் போறது நீங்க இல்ல."

"என் பஸ்ல வந்த பய நீ."

"வந்தவன்தான். ஒரு பொய் சொன்னதுக்கு ஒரு மாசம் முன்சீட்டுல உக்கார வெச்சீங்களே."

லெம்பிக்கு அது ஞாபகம் இருந்தது. எழுதப்படாத சான்றிதழ்க் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மார்னி தொலைபேசியில், "ஏப்ரலுக்கு மாத்திடலாம்மா. வாடகைக்கு ஒரு அறை எடுத்துக்கோ" என்றாள்.

"வேண்டாம்."

காரணம் சொல்லவில்லை. ஏப்ரல் வந்தால் தோட்டம், பிறகு மீன், பிறகு வேட்டைக் காலம். இந்தத் தடவை தங்கிவிட்டால், பிறகு கிளம்பவே மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். ராட்டர்டாமில் அவளுக்குக் கிடைத்த ஆயுள் பதினான்கு மாதம். ஏப்ரல் என்றிருந்தால் பன்னிரண்டு. அன்று அது யாருக்கும் தெரியாது.

விமானத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மின்சாரக் கம்பளி பரணுக்குப் போனது. யூஸியை வெளியே விட்டுத் தான் மட்டும் சவுனாவுக்குள் போனாள். அது கதவடியில் மூக்கை வைத்து அழுத அழுகையில் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை அடுப்பே மூட்டவில்லை. புகைபோக்கியில் புகை காணாமல் மூன்று வீட்டிலிருந்து போன் வந்தது.

"உயிரோடதான் இருக்கேன்," என்றாள் மூன்று பேரிடமும்.

தினமும் காலையில் கொல்லையில் பெஞ்சு போட்டு, ஃபிளாஸ்க்கில் காபியோடு நாயுடன் உட்கார்ந்தாள். முதல் நாள் நான்கு நிமிடம். யூஸி அவள் பூட்ஸ் மேல் ஏறி நின்றுகொண்டு, துரோகம் செய்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ஒன்பதாம் நாள் இருபது நிமிடம். மார்னி வரைபடம் போட நிமிடக் கணக்கு கேட்டாள்.

"நாய்டி அது. கப்பல் இல்ல," என்றாள் லெம்பி. ஆனால் கணக்கை அனுப்பினாள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி கார்ல் வந்தார். பெஞ்சில் மூவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். அவர் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாயின் காதையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்தார். முதல் அரை மணி நேரம் யூஸி அவர் மடியில் ஏறப் பார்த்தது. பிறகு ஒரு அணிலைத் துரத்தியது. திரும்பி வந்து பனியிலேயே சுருண்டு தூங்கிவிட்டது. நடுக்கம் இல்லை.

லெம்பியின் பற்கள்தான் தந்தியடித்தன.

"நாய்க்கு எழுதித் தரேன்," என்றார் கார்ல். "உங்களுக்குன்னா கையெழுத்துப் போட மாட்டேன்."

"எழுதறதப் பாரு."

மினியாபொலிஸ் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு ஊழியர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கூண்டை வாங்கிக்கொண்டார். லெம்பி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

விமானத்தில் அவள் பெல்ட் போடவில்லை. பணிப்பெண் வந்தாள்.

"உங்க நாய் ஏறிடுச்சும்மா. கேப்டன் சொன்னார்."

"அவர் பார்த்தாரா?"

"கீழ இருக்கறவங்க அவர்கிட்ட சொன்னாங்க."

"முப்பத்தொரு வருஷம் தலை எண்ணாம நான் வண்டிய எடுத்ததில்ல. யாராவது பார்த்துட்டு வந்து சொல்லட்டும்."

பணிப்பெண் போனாள். பக்கத்து இருக்கைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லெம்பி அவரைப் பார்த்தாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பணிப்பெண் திரும்பி வந்தாள். "பார்த்துட்டாங்கம்மா."

"நடுங்குதா?"

"இல்ல. தூங்குதாம்."

லெம்பி பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"சரி. வண்டிய எடுக்கச் சொல்லு."